ஒரே அச்சில் வார்த்த எதிரிகள்

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். தயக்கங்களையும் திரும்பச் சொன்னவற்றையும் மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

இன்னிக்கு பேசப்போறது டிரான்ஸ்ஃபார்மர்ஸ். மைக்கேல் பே எடுத்த படங்கள் இல்ல. அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி, 1984 செப்டம்பர்ல அமெரிக்க டிவியில ஆரம்பிச்ச அந்தப் பழைய கார்ட்டூன். மொத்தம் 98 எபிசோட்.

என் கையில இப்ப ஒரு பொம்மை இருக்கு. ஜெட் விமானம். சாம்பல் கலர் உடம்பு, சிவப்பும் நீலமும் கலந்த இறக்கை. இறக்கைன்னு ஒருமையில சொல்றேன், ஏன்னா இடது பக்க இறக்கை இல்ல. கொஞ்சம் உலோகம், மிச்சம் பிளாஸ்டிக். சைஸைப் பார்த்தா எதிர்பார்க்க முடியாத கனம். மூக்கை மடக்கி, பின்பக்கத்தை இழுத்துவிட்டா ரோபோ ஆகிடும். பேரு ஸ்டார்ஸ்கிரீம். கார்ட்டூன் பார்த்தவங்களுக்கு இவனைத் தெரியும். வில்லன் மெகாட்ரானோட தளபதி, அதே சமயம் எப்படா இந்த ஆளைக் கவுத்துட்டு நாற்காலியில உக்காரலாம்னு காத்துக்கிட்டே இருக்கிறவன்.

போன மாசம் கீழச்சிவல்பட்டியில எங்க பெரிய வீட்டோட ஒரு அறையைத் திறந்தப்போ இது கிடைச்சது. ஊர் தெரியாதவங்களுக்கு: சிவகங்கை மாவட்டம், திருப்பத்தூர் பக்கம். வேலூர்கிட்ட இருக்கிற திருப்பத்தூர் இல்ல, இது எங்க திருப்பத்தூர். அறையைத் திறந்தது பொம்மை தேட இல்ல. பாகப்பிரிவினைக்கு சாமான் லிஸ்ட் எடுக்க. அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன். முதல்ல பொம்மையோட கதை.

பொம்மை முதல்ல, சண்டை அப்புறம்

கார்ட்டூனே பார்க்காதவங்களுக்கு ஒரு நிமிஷ சுருக்கம். சைபர்ட்ரான்னு ஒரு கிரகம். அங்க மனுஷங்களே இல்ல, எல்லாமே உயிருள்ள இயந்திரங்கள். ரெண்டு கோஷ்டி. ஆட்டோபாட், நல்லவங்க, தலைவர் ஆப்டிமஸ் பிரைம், லாரியா மாறுவாரு. டிசெப்டிகான், கெட்டவங்க, தலைவர் மெகாட்ரான், கைத்துப்பாக்கியா மாறுவாரு. கிரகத்துல எரிசக்தி தீர்ந்துபோகுது. தேடிக் கிளம்பின ரெண்டு கோஷ்டியும் நாற்பது லட்சம் வருஷத்துக்கு முன்னாடி பூமியில வந்து விழுறாங்க. 1984ல முழிச்சு, இங்க இருக்கிற வண்டி, விமானம் மாதிரி உருவத்தை மாத்திக்கிட்டு சண்டையைத் தொடர்றாங்க.

இப்ப நிஜக் கதை. இந்த ரோபோக்களுக்கு முதல்ல சண்டையே கிடையாது.

ஜப்பான்ல டக்காரான்னு ஒரு பொம்மைக் கம்பெனி. 1980ல டயக்ளோன்னு ஒரு பொம்மை வரிசையை வெளியிட்டாங்க. பூமியைக் காப்பாத்துற ஒரு படை, அந்தப் படைக்கு வண்டிகள், அந்த வண்டிகள் ரோபோவா மாறும். உள்ள உக்கார்ந்து ஓட்ட சின்னச் சின்ன பைலட் பொம்மைகள். எதிரிங்க வேற்றுகிரகத்துக்காரங்க, அவங்க தனி. இன்னொரு வரிசை பேரு மைக்ரோ சேஞ்ச். அதுல வீட்டுல இருக்கிற சாமான்கள் ரோபோவா மாறும்: கேசட் பிளேயர், மைக்ராஸ்கோப், துப்பாக்கி.

1983ல அமெரிக்காவோட ஹாஸ்ப்ரோ கம்பெனிக்காரங்க ஜப்பான்ல இதைப் பார்க்கிறாங்க. ரெண்டு வரிசையிலயும் நல்லதாப் பொறுக்கி எடுத்து ஒரே பேர்ல அமெரிக்காவுல விக்க முடிவு பண்றாங்க. ஆனா கதை வேணுமே? மார்வெல் காமிக்ஸ்கிட்ட போறாங்க. அங்க ஜிம் ஷூட்டர் அடிப்படைக் கதையை எழுதுறாரு. ஆப்டிமஸ் பிரைம்ங்கிற பேரை டென்னி ஓ'நீல் வைக்கிறாரு. மத்த பெரும்பாலான பேர்களையும், யார் எப்படிப்பட்டவன்ங்கிற குணக்குறிப்புகளையும் பாப் புடியான்ஸ்கி எழுதுறாரு. நேரமே இல்லாத அவசரத்துல நடந்த வேலை.

நம்ம பாஷையில சொன்னா, கோட் எழுதி முடிச்சு, ரிலீஸ் பண்ணி, அப்புறம் உக்கார்ந்து ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட் எழுதுன கதை.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம்: ஆப்டிமஸ் பிரைமா ஆன அந்த லாரிக்கு டயக்ளோன்ல பேட்டில் கான்வாய்னு பேரு. என் கையில இருக்கிற ஜெட்டும் அதே டயக்ளோன் படையோட விமானம். ரெண்டும் ஒரே படை. ஒரே எதிரிக்கு எதிரா நின்ன தோழர்கள். பசிபிக் கடலைத் தாண்டி அமெரிக்காவுல இறங்கினதும் ஒருத்தன் ஹீரோ கட்சி, இன்னொருத்தன் வில்லன் கட்சி.

எப்படிப் பிரிச்சாங்க? பெரிய தத்துவமெல்லாம் இல்ல. பெரும்பாலும் கார், லாரி எல்லாம் நல்லவங்க. ஜெட்டும் துப்பாக்கியும் கெட்டவங்க. அவ்வளவுதான்.

என் பொம்மையில அதுக்கு ஒரு சாட்சி இருக்கு. காக்பிட் மூடியைத் திறந்தா, உள்ள ஒரு குட்டி ஆள் உக்கார இடம் இருக்கு. கார்ட்டூன்ல ஸ்டார்ஸ்கிரீமுக்கு பைலட் கிடையாது, அவனே உயிருள்ளவன். அப்புறம் எதுக்கு இருக்கை? அது டயக்ளோன் காலத்து மிச்சம். அச்சை மாத்தல, கதையை மட்டும் மாத்தினாங்க.

இன்னொண்ணு. ஸ்டார்ஸ்கிரீம், தண்டர்கிராக்கர், ஸ்கைவார்ப். கார்ட்டூன்ல மூணு தனித்தனி ஆளு, மூணு தனிக் குணம். பொம்மையாப் பார்த்தா மூணும் ஒரே அச்சு, பெயின்ட் மட்டும் வேற. ஒரே கோட்பேஸ், கான்ஃபிக் ஃபைல் மட்டும் வேற.

இதுல உச்சம் என்னன்னா, 1985ல இந்த வரிசை அப்படியே ஜப்பானுக்குத் திரும்பிப் போச்சு. அதே டக்காரா, இந்தத் தடவை டிரான்ஸ்ஃபார்மர்ஸ்ங்கிற பேர்ல அமெரிக்கக் கதையோட வித்தாங்க. போன வருஷம் வரைக்கும் ஒண்ணா அடுக்கி வச்சு விளையாடின ஜப்பான் பையன், இந்த வருஷம் அதே ரெண்டு பொம்மையையும் மோத விட்டிருப்பான்.

விரல் சூட்டுல தெரியுற கட்சி

1985லருந்து பொம்மைகள்ல ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பிச்சாங்க. பார்த்தா கறுப்புச் சதுரம். கட்டை விரலை வச்சுத் தேய்ச்சா, சூட்டுல நிறம் மாறி உள்ளருந்து ஒரு முகம் தெரியும். ஆட்டோபாட் முகமா, டிசெப்டிகான் முகமா? அதுதான் இவன் எந்தக் கட்சின்னு சொல்லும். போலிப் பொம்மைகள் நிறைய வந்ததால, அசலைக் கண்டுபிடிக்கவும் அது உதவுச்சு. விரலை எடுத்துட்டா ஸ்டிக்கர் ஆறிப்போயி திரும்பவும் கறுப்பாகிடும்.

சின்ன வயசுல எங்களுக்கு பொம்மையை விட இந்த ஸ்டிக்கர்தான் அதிசயம்.

இந்தப் பொம்மை எப்படி கீழச்சிவல்பட்டிக்கு வந்ததுன்னு கேப்பீங்க. எங்க பெரியப்பா 1980கள்ல சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனாரு. அங்கருந்து தம்பிக்கு, அதாவது எங்க அப்பாவுக்கு, வாங்கிட்டு வந்தது. அப்பா விளையாடி முடிச்சு, அது வீட்டு அலமாரியில கிடந்து, 2005 கோடை லீவுல என் கைக்கும் பெரியப்பா மகன் கைக்கும் வந்துச்சு. அண்ணனுக்கு என்னை விட மூணு வயசு கூட. அந்த வருஷம் பெரியப்பா பழைய கார்ட்டூனோட விசிடியும் கொண்டு வந்திருந்தாரு. இங்கிலீஷ்ல வேகமாப் பேசுவாங்க, ஒண்ணும் புரியாது. அதனால அண்ணன் சத்தத்தைக் குறைச்சுட்டு அவனே தமிழ்ல டப்பிங் பேசுவான்.

இந்த இடத்துல ஊர்ப்பெருமை ஒண்ணு பேசிக்கிறேன். டப்பிங்ங்கிறது எங்க பக்கத்து விஷயம். காரைக்குடிக்காரர் ஏ.வி.மெய்யப்பன் 1940கள்ல 'ஹரிச்சந்திரா'ங்கிற கன்னடப் படத்தைத் தமிழ்ல டப் பண்ணாரு. இந்தியாவுல ஒரு மொழியிலருந்து இன்னொரு மொழிக்கு டப் ஆன முதல் படம்னு அதைத்தான் சொல்றாங்க. அந்த மரபுல எங்க அண்ணனும் ஒரு ஆள்.

அண்ணனுக்கு ஒரு சிக்கல். கையில இருக்கிற ஒரே ஒரிஜினல் பொம்மை ஸ்டார்ஸ்கிரீம், வில்லன். ஆப்டிமஸ் பிரைமுக்கு பதிலா எங்ககிட்ட இருந்தது பிள்ளையார்பட்டி கோயில் வாசல் கடையில வாங்கின சிவப்பு பிளாஸ்டிக் லாரி. அது எதுவாவும் மாறாது. 'மாறிடுச்சு'ன்னு நாங்களே சொல்லிக்கிட்டு அதைத் தலைகீழா நிறுத்துவோம். அண்ணனுக்கு ஹீரோவாவும் இருக்கணும், ஜெட்டும் கையில இருக்கணும். என்ன பண்ணான்? டப்பிங்ல கட்சியை மாத்திட்டான். எங்க வீட்டுல ஓடின கதையில ஜெட் விமானங்கள்தான் நல்லவங்க, லாரிக்காரன்தான் ஊரை ஏமாத்துறவன். நான் ரொம்ப வருஷம் அப்படித்தான் நம்பிக்கிட்டிருந்தேன். காலேஜ் ஹாஸ்டல்ல ஒருத்தன்கிட்ட ஸ்டார்ஸ்கிரீம் நல்லவன்டான்னு வாதாடி மானம் போனது தனிக்கதை.

இந்த எபிசோடுக்காக டயக்ளோன் பத்திப் படிச்சப்போதான் தோணுச்சு: அண்ணன் சொன்னதுல பாதி சரி. அந்த ஜெட் ஒரு காலத்துல நல்லவங்க பக்கம்தான் இருந்துச்சு.

ஸ்கைஃபயர்

விக்கிறதுக்காக எழுதுன கதைதான். ஆனா எழுதினவங்களுக்கே இந்தப் பிரிவு ஒரு கட்டத்துல உறுத்தியிருக்கணும்னு நினைக்கிறேன். முதல் சீசன்லயே ஒரு எபிசோட் வருது. 1984, 'ஃபயர் இன் தி ஸ்கை'. ஒரே ஒரு எபிசோட் பாருங்கன்னு கேட்டா இதைத்தான் சொல்வேன்.

வடதுருவப் பனிக்குள்ள ஒரு பெரிய ரோபோ உறைஞ்சு கிடக்கிறான். பேரு ஸ்கைஃபயர். டிசெப்டிகான்கள் அவனை எழுப்புறாங்க. ஸ்டார்ஸ்கிரீம் பார்த்ததும் அடையாளம் கண்டுக்கிறான். போருக்கு முன்னாடி ரெண்டு பேரும் விஞ்ஞானிகள், ஒண்ணா வேலை பார்த்த நண்பர்கள். பூமியை ஆராய வந்தப்போ புயல்ல ஸ்கைஃபயர் காணாமப் போயிட்டான். ஸ்டார்ஸ்கிரீம் தேடியும் கிடைக்கல. கவனிங்க, நம்ம ஊர்ல துரோகத்துக்குப் பேர்போன அந்த ஸ்டார்ஸ்கிரீமுக்கும் நண்பனைத் தேடி அலைஞ்ச ஒரு காலம் இருந்திருக்கு.

ஸ்கைஃபயருக்குப் போரைப் பத்தி எதுவும் தெரியாது. அவனுக்குக் கோஷ்டியே கிடையாது. பழைய நண்பன் சொல்றான், 'இவங்க நம்ம ஆளுங்க, அவங்க எதிரிங்க.' நம்பி டிசெப்டிகான் பக்கம் சேர்றான். அப்புறம் பிடிபட்டவங்களைச் சுடச் சொல்லி உத்தரவு வருது. மாட்டேங்கிறான். தயங்கக்கூட இல்லாம ஸ்டார்ஸ்கிரீம் அவனையே சுடுறான். அதுக்கப்புறம் ஸ்கைஃபயர் ஆட்டோபாட்களோட சேர்ந்து, கடைசியில திரும்பவும் பனிக்குள்ளயே புதைஞ்சு போறான்.

20 நிமிஷக் குழந்தைகள் கார்ட்டூன். இதுல சொல்லியிருக்கிற விஷயத்தை நான் வளர்ந்த அப்புறம்தான் புரிஞ்சுக்கிட்டேன். உறங்கிக்கிட்டிருந்த ஒருத்தன் எழுந்து வர்றான். யார் முதல்ல போய் அவன்கிட்ட கதை சொல்றாங்களோ, அவங்க கட்சியில சேர்ந்துடுறான்.

அடுத்தடுத்த வருஷங்கள்ல கதை இன்னும் கிட்ட வருது. 1985ல 'வார் டான்'. ஆப்டிமஸ் பிரைம் பிறவித் தலைவர் இல்ல, அவரோட பழைய பேரு ஓரியன் பாக்ஸ், சரக்குத் துறையில வேலை பார்த்த சாதாரண ஆளு. வானத்துல பறக்கிற மெகாட்ரானைப் பார்த்து வாயைப் பிளக்கிற ரசிகன். அந்த மெகாட்ரான்தான் அவரைச் சுட்டு வீழ்த்துறான். சிதைஞ்சு கிடந்தவரை ஆல்ஃபா ட்ரையான் எடுத்துத் திரும்பக் கட்டினப்போ பிறந்தவர்தான் ஆப்டிமஸ்.

1986ல இன்னும் ஒரு படி. ரெண்டு கோஷ்டியும் ஒரே தொழிற்சாலையில செஞ்சவங்கன்னு கதையே ஒத்துக்குது. குவின்டசான்னு ஒரு இனம் ரெண்டு வகை ரோபோ செஞ்சு வித்திருக்காங்க. வீட்டு உபயோகத்துக்கு ஒண்ணு, ராணுவத்துக்கு ஒண்ணு. முதல் வகையோட வாரிசுகள் ஆட்டோபாட், ரெண்டாவது டிசெப்டிகான். பொம்மைக் கடையில விக்க வந்த ரோபோக்களோட பூர்வீகமும் ஒரு கடை அலமாரிதான்னு எழுதினவருக்கு தைரியம் ஜாஸ்தி.

1996ல வந்த 'பீஸ்ட் வார்ஸ்'ல இவங்களோட வழித்தோன்றல்கள் சண்டை போடுறாங்க. அதுல டைனோபாட்னு ஒருத்தன் கெட்டவங்க கப்பல்ல வந்து, ஆரம்பத்துலயே இந்தப் பக்கம் தாவுறான். பாதி பேர் அவனை நம்பவே மாட்டாங்க. 1998ல 'கோட் ஆஃப் ஹீரோ'ங்கிற எபிசோட்ல ஆதிமனிதக் கூட்டத்தைக் காப்பாத்த தனியா நின்னு சண்டை போட்டு சாவான். 2010ல வந்த 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பிரைம்'ல ஆப்டிமஸும் மெகாட்ரானும் ஒரு காலத்துல சகோதரர்கள் மாதிரி, ஒருத்தர் ஆவணக் காப்பாளர், ஒருத்தர் அரங்குல மோதுற மல்லன். 2024ல வந்த 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஒன்' படத்துல ரெண்டு பேரும் ஒரே சுரங்கத்துல வேலை பார்க்கிற கூட்டாளிகள்.

நாற்பது வருஷத்துல கதை போன திசையைப் பாருங்க. ஸ்டிக்கர் ஒட்டிப் பிரிச்ச ரெண்டு பேரை, ஒவ்வொரு தலைமுறை எழுத்தாளரும் கொஞ்சம் கொஞ்சமா சொந்தக்காரங்களா ஆக்கிட்டே வர்றாங்க. நம்ம ஊர்ல இதுக்குன்னே வார்த்தை இருக்கு. பங்காளி. பங்கு இருக்கிறதால சொந்தம், பங்கு இருக்கிறதாலேயே சண்டை.

லாரி செத்த அன்னிக்கு

வியாபாரம் பத்தி ஒண்ணு சொல்லாம போக முடியாது. 1980கள்ல ரீகன் ஆட்சியில அமெரிக்க டிவி விதிகளைத் தளர்த்தினாங்க. அதுக்கு முன்னாடி ஒரு பொம்மையை விக்கிறதுக்காகவே கார்ட்டூன் எடுத்தா, அது முழுநீள விளம்பரம்னு கேள்வி வரும். தளர்த்தின அப்புறம் கதவு திறந்துடுச்சு. டிரான்ஸ்ஃபார்மர்ஸ், ஜி.ஐ.ஜோ எல்லாம் அந்தக் கதவு வழியா வந்தவை. ஹாஸ்ப்ரோவோட கை நம்ம ஊர் வரைக்கும் நீண்டுச்சு. 1987ல சென்னை எம்.ஆர்.எஃப்போட சேர்ந்து ஆரம்பிச்சதுதான் ஃபன்ஸ்கூல்.

1986 ஆகஸ்ட்ல டிரான்ஸ்ஃபார்மர்ஸ் அனிமேஷன் படம் தியேட்டருக்கு வந்துச்சு. குடும்பத்தோட போன குழந்தைகளுக்கு முதல் அரை மணி நேரத்துலேயே அதிர்ச்சி. பழைய ஆட்டோபாட்கள் வரிசையா சாகுறாங்க. ஆப்டிமஸ் பிரைமும் செத்துப்போறாரு. காரணம் என்ன? பழைய பொம்மைகளோட விற்பனை முடியுது, புது பொம்மைகள் வருது. அலமாரியைக் காலி பண்ணணும். ஸ்டாக் கிளியரன்ஸ், அவ்வளவுதான்.

குழந்தைகள் தியேட்டர்ல அழுதாங்க. கடிதம் மேல கடிதம் போச்சு. பொம்மையை அலமாரியிலருந்து எடுக்கிறது சுலபம்னு நினைச்ச கம்பெனி ஆடிப்போச்சு. அப்ப தயாரிப்புல இருந்த ஜி.ஐ.ஜோ படத்துல சாகவேண்டிய ஒரு ஹீரோவை, கோமாவுல கிடக்கிறதா வசனத்தை மாத்தினாங்க. 1987ல ஆப்டிமஸ் பிரைமைத் திரும்ப உயிரோட கொண்டு வந்தாங்க.

அவருக்குக் குரல் கொடுத்தவர் பீட்டர் கல்லன். வியட்நாம் போர்ல இருந்து வந்த தன்னோட அண்ணன் லாரியை மனசுல வச்சுத்தான் அந்தக் குரலைப் பிடிச்சேன்னு பல பேட்டிகள்ல சொல்லியிருக்காரு. ஆடிஷனுக்குக் கிளம்பினப்போ அண்ணன் சொன்னாராம், சினிமா ஹீரோ மாதிரி கத்தாதே, நிஜமான பலசாலி மென்மையாவும் இருப்பான்னு. விளம்பரத்துக்காகச் செஞ்ச ஒரு லாரிக்குள்ள ஒரு தம்பி தன் அண்ணனை உக்கார வச்சிருக்காரு. குழந்தைகள் அழுதது அந்தக் குரலுக்காகவும்தான்னு நான் நினைக்கிறேன்.

வேறு வைக்கிறது

சரி, பெரிய வீட்டுக்கு வருவோம்.

செட்டிநாட்டு வீடு எப்படின்னு ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடி கல்லு, முகப்பு, நடுவுல முற்றம் வச்ச வளவு, அதுக்குப் பின்னாடி இரண்டாம் கட்டு, அடுப்படி. வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல. ரீல்ஸ்ல சொல்லாத ஒண்ணு: வளவைச் சுத்தி இருக்கிற அறைகள் ஒவ்வொரு மகனுக்கும் ஒண்ணுன்னு கட்டினது. மகனுக்குக் கல்யாணம் ஆனா கொஞ்ச நாள்ல 'வேறு வைப்பாங்க'. அதே வீடு, அதே கூரை, ஆனா தனி அடுப்பு, தனிக் கணக்கு. கோவிச்சுக்கிட்டுப் பிரியறது இல்ல. சண்டை வராம இருக்கிறதுக்காக முன்கூட்டியே பிரிச்சு வைக்கிற ஏற்பாடு. நல்லது கெட்டதுக்கு எல்லா அடுப்பும் ஒண்ணாகிடும்.

நாலு தலைமுறையில பங்குகள் பெருகிடும். வீட்டுல யாரும் இல்ல, பங்கு மட்டும் இருக்கு. ஓடு மாத்தணும்னாலும் எல்லாரும் சம்மதிக்கணும். விக்கணும்னா எல்லாரும் கையெழுத்துப் போடணும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போனீங்கன்னா, அப்படிப் பிரிச்ச வீடுகளோட நிலை, கதவு, தூண், எனாமல் பாத்திரம் எல்லாம் கடை கடையா அடுக்கியிருக்கும்.

எங்க வீட்டுல நாலு வருஷம் முன்னாடி பெரியப்பா வித்துடலாம்னு சொன்னாரு. எங்க அப்பா கூடாதுன்னாரு. பேச்சு தடிச்சது. அதோட ரெண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்னுச்சு. எனக்கும் அண்ணனுக்கும் நேரடியா எந்தச் சண்டையும் இல்ல. ஆனா நானும் போன் பண்ணல, அவனும் பண்ணல.

இந்த நாலு வருஷமும் என் மனசுல இருந்த கதை ரொம்ப எளிமையானது. அப்பா வீட்டைக் காப்பாத்துறவர். பெரியப்பா காசுக்காகத் தூணைப் பிடுங்கி விக்கப் பார்க்கிறவர். ஆட்டோபாட், டிசெப்டிகான். முடிஞ்சது.

சாமான் லிஸ்ட் எடுத்த அன்னிக்கு ஒரு பழைய டிரங்குப் பெட்டியில ரசீதுக் கட்டு கிடைச்சது. ஓடு மாத்தினது, மழையில இடிஞ்ச பின்கட்டுச் சுவரைப் பூசினது, கரையான் மருந்து, காவலுக்கு இருந்த ஆளோட சம்பளம். கிட்டத்தட்ட இருபது வருஷத்துக் கணக்கு. எல்லாம் பெரியப்பா சிங்கப்பூர்லருந்து அனுப்பின பணம். அப்பாவோட பங்குன்னு எழுதியிருந்த இடத்துல ரெண்டே ரெண்டு வரி. நான் அப்பாகிட்ட கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, 'அப்ப என்கிட்ட எங்கடா இருந்துச்சு'ன்னாரு. பொய்யில்ல. எங்க படிப்புச் செலவு ஓடின வருஷங்கள் அதெல்லாம்.

அதுக்காக வீட்டை வித்துடணும்னு எனக்குத் தோணல. அப்பா சொல்றதும் நியாயம்தான். ஆனா இருபது வருஷமா கூரையைத் தாங்கினவர், இனி முடியலைன்னு சொன்னா அவர் வில்லன் ஆகிடுவாரா? எனக்கு இந்தக் கதையை முதல்ல சொன்னது எங்க அப்பா. அதனால நான் இந்தப் பக்கம். அண்ணனுக்கு முதல்ல சொன்னது பெரியப்பா. அவன் அந்தப் பக்கம். ஸ்கைஃபயருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்னு யோசிச்சுப் பார்த்தேன். அவனாவது ஒரே எபிசோட்ல முழிச்சுக்கிட்டான்.

போன்

இந்த எபிசோடுக்கு ஒரு தகவல் தேவைப்பட்டுச்சு. பொம்மை எந்த வருஷம் வாங்கினதுன்னு. அப்பாவுக்கு ஞாபகம் இல்ல. தெரிஞ்ச ஒரே ஆள் பெரியப்பா. அண்ணனுக்கு போன் பண்ணேன்.

"அண்ணே, நான்தான்."

"தெரியுது. நம்பர் இருக்கு. சொல்லு."

"அந்த ஜெட் பொம்மை இருக்குல்ல, ஸ்டார்ஸ்கிரீம். அதைப் பெரியப்பா எந்த வருஷம் வாங்கினாங்க?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"இதுக்காடா போன் பண்ணே?"

"ஆமாண்ணே."

"அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்."

வச்சுட்டான். ரெண்டு நாள் கழிச்சு ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. 1986. பெரியப்பாவோட முதல் போனஸ். எங்க அப்பா அப்ப ஒன்பதாவது படிச்சுக்கிட்டிருந்தாரு, ரிமோட் கார் வேணும்னு லெட்டர் போட்டிருந்தாராம். அதுக்குக் காசு பத்தாம இதை வாங்கினாராம். அப்பா மூணு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருந்ததைப் பெரியப்பா இப்பவும் சொல்லிச் சிரிக்கிறாராம். கடைசியில அண்ணன் ஒரு வரி சேர்த்திருந்தான்: "இடது இறக்கை என்கிட்டதான் இருக்கு. அப்ப பேக்ல வந்துடுச்சு. தூக்கிப் போடல."

வீட்டு விஷயம் முடியல. அடுத்த மாசம் எல்லாப் பங்காளிகளும் திரும்ப உக்காருறாங்க. அப்பாவும் பெரியப்பாவும் பேசிப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. நான் போறேன், அண்ணனும் வர்றான். ரசீதுக் கட்டை நான் கொண்டு போறேன், இறக்கையை அவன் கொண்டு வர்றான். இப்போதைக்கு அவ்வளவுதான்.

ரெக்கார்டிங்குக்கு முன்னாடி அந்த ஸ்டிக்கரை ஒரு தடவை தேய்ச்சுப் பார்த்தேன். கிட்டத்தட்ட நாற்பது வருஷப் பழசு, வேலை செய்யாதுன்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் அழுத்தித் தேய்ச்சதும் டிசெப்டிகான் முகம் மங்கலா தெரிஞ்சது. விரலை எடுத்ததும் மறைஞ்சுடுச்சு.

உங்க வீட்டுலயும் இப்படி யாராவது இருந்தா, பெரிய சமாதானமெல்லாம் பேச வேண்டாம். ஏதாவது ஒரு சின்னத் தகவல் கேட்டு ஒரு போன் பண்ணிப் பாருங்க. 'ஃபயர் இன் தி ஸ்கை' பார்த்துட்டு எப்படி இருந்துச்சுன்னும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம். வர்றேன் மக்களே.